கல் ஏறாத நாள்

கார்கஜூ என்ற சுரங்க ஊரில் யோலாந்த் கிராவெலைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவள் கையை நம்பாதவர் ஒருவரும் கிடையாது. நம்பாமல் அந்த ஊரில் பிழைக்க முடியாது. நிக்கல் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவள்தான். இரும்புக் கூண்டுக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் முப்பது பேரின் உயிரும் ஒரே ஒரு எஃகு வடத்தில் தொங்கும். அந்த வடம் சுற்றியிருக்கும் பெரிய உருளையை ஓட்டுவது ஒரு லிவர், நிறுத்துவது ஒரு பிரேக். இரண்டும் அவள் கையில்.

வின்ச் என்ற அந்த உருளை இயந்திரத்தின் அறை குழிவாய்க்கு எதிரே தனியாக நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்குக் கூண்டும் தெரியாது, கூண்டில் நிற்பவர்களும் தெரியமாட்டார்கள். மணிச் சத்தம் மட்டும் வரும். ஒன்று அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு, பார்த்து ஓட்டு. விடாமல் ஒன்பது அடித்தால் ஆபத்து. எதிரே ஒரு பெரிய முகப்புத் தட்டில் முள் ஒன்று நகர்ந்து, கூண்டு எந்த ஆழத்தில் போகிறது என்று காட்டும். கதவில் ஒரு பலகை: வின்ச் ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது.

அவள் முதலில் அங்கே தொழிலாளர் துணி துவைக்கும் பிரிவில்தான் சேர்ந்தாள். கணவன் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று போனவன், போனவன்தான். பெண்களையும் மற்ற வேலைகளுக்கு எடுக்கலாம் என்று சட்டம் மாறியபோது வின்ச் பழக வந்தது அவள் ஒருத்திதான். "பொம்பள கையில வடத்தக் குடுத்துட்டான், இனி வீட்டுக்குப் போறதும் போகாததும் அவ மனசைப் பொறுத்தது" என்று கேலி பேசிய ஆண்களே, இரண்டு குளிர்காலம் போனதும், இன்று வின்ச்சில் யார் என்று கேட்டு, யோலாந்த் என்றால் நிம்மதியாகக் கூண்டேறினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மத்தியானம் மணி விடாமல் ஒன்பது முறை அடித்தது. பிறகு, அடிபட்ட ஆள் வருகிறான், மெதுவாக ஏற்று என்ற மணி. ஏற்றினாள். தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை எடுத்துப் போவதுபோல, ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றினாள். பிரேக் போட்ட பிறகுதான் ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சொன்னான். பாறை சரிந்துவிட்டது, ரெயால் டாண்டெனோ அங்கேயே போய்விட்டான், அவன் கூட்டாளிக்கு இடுப்பு நசுங்கிவிட்டது. கூட்டாளி ஃபெர்னான் லாவால்லே. யோலாந்தின் தம்பி.

அதன்பிறகு ஃபெர்னான் சக்கர நாற்காலியில். அவளுடைய வீட்டு முன்வாசலில் படிகளை உடைத்துப் பலகையால் சாய்தளம் போட்டார்கள். உயரத்தில் இருந்த அலமாரிகளை எல்லாம் அவள் இறக்கி மாட்டினாள். முப்பத்தொரு வயதில் அவன் ரேடியோ கேட்பதும், ஜன்னல் வழியாக ஏரியைப் பார்ப்பதும், வருகிறவர் போகிறவரை வம்புக்கு இழுப்பதுமாக இருந்தான். முதல் சில மாதங்கள் கூட்டம் வந்தது. பிறகு குறைந்தது. அடிபட்டவனைப் பார்த்துவிட்டு மறுநாள் அதே குழிக்குள் இறங்குவது யாருக்கும் சுலபமில்லை. அதை அவள் புரிந்துகொண்டாள். அவன் புரிந்துகொள்ள மறுத்தான்.

எண்பத்தாறு ஜனவரியில் தொழிற்சங்கக் கூடத்தில் ஒரு கூட்டம். சங்கத் தலைவர் ப்ரோகோப், உக்ரேனியர், கழுத்தே இல்லாத பெரிய உடம்புக்காரர், எழுந்து விஷயத்தைச் சொன்னார். வேலையில் இறந்தவர்களுக்கென்று ஒரு நாள் வேண்டும். வேறு சில ஊர்களில் ஏப்ரல் இருபத்தெட்டை வைத்திருக்கிறார்கள். வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் பல வருஷங்களுக்கு முன்னால் இந்த மாகாணத்தில் நிறைவேறிய தேதி அது. கார்கஜூவிலும் அன்றைக்கு ஊர் விடுமுறை விடவேண்டும், சுரங்கமும் நிற்கவேண்டும்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஃபெர்னான் கத்தினான்.

"ஏன் ப்ரோகோப், செத்தாத்தான் சேத்துக்குவீங்களா? அப்ப ரெயால்தான் கொடுத்துவச்சவன். நான் மூணு வருஷமா பாதி செத்திருக்கேன். எனக்கு அரை நாள் லீவாவது விடுங்கய்யா."

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. யோலாந்துக்கு முகம் சுட்டது. ப்ரோகோப் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றது சரிதான்டா" என்றார். "செத்தவன், கை போனவன், கால் போனவன், நெஞ்சுல தூசி அடைச்சவன், எல்லாருக்கும் சேத்துத்தான். யோலாந்த், ஊர் கவுன்சில்ல நீ பேசு."

"நானா? எனக்கு மேடையெல்லாம் வராது."

"உன் தம்பிக்கு வர்றதுல பாதி வந்தாப் போதும்."

கவுன்சில் கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. நகர மன்றத்தில் அவ்வளவு பேருக்கு இடம் பற்றாது. உறுப்பினர்கள் ஐந்து பேர் ஒரு நீள மேசையில். சுவரோரமாகக் கம்பெனி ஆட்கள் சிலர் கோட்டைக் கழற்றாமல், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தபடி நின்றார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஆர்மான் லெகோதான் முதலில் பேசினார். அவர் சொன்னால் மேசையில் இன்னும் இரண்டு பேர் கேட்பார்கள்.

"யோலாந்த், எனக்கும் வருத்தந்தான். ஃபெர்னான் எங்க கடையில வளந்த பையன் மாதிரி. ஆனா ஊரே ஒத்தக் கம்பெனிய நம்பித்தான் கெடக்கு. நிக்கல் விலை என்ன கதியில இருக்குன்னு உனக்கே தெரியும். இந்த நேரத்துல லீவு குடு லீவு குடுன்னு நின்னா, அவன் ஒரேயடியா லீவு குடுத்துட்டுப் போயிருவான்."

பின்னால் பாதிப் பேர் தலையாட்டினார்கள். யோலாந்த் எழுந்து நின்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இந்த ஜிம்முல," என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலையில அடிபட்டவங்க, இல்ல அப்படி அடிபட்டவங்க, செத்தவங்க வீட்டுக்காரங்க, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

யாரும் எழவில்லை. சுவரோரம் நின்ற கம்பெனி ஆட்கள் நிமிர்ந்தார்கள். ஹீட்டர் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. யோலாந்த் தன் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் நின்றாள். முதல் வரிசையில் ரெயாலின் மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன்கள் இருவர் இன்னும் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள்.

"என்னால எந்திரிக்க முடியாது, மன்னிச்சுக்குங்க" என்றான் ஃபெர்னான். "கையத் தூக்கறேன், செல்லுமா?"

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்த அந்த ஆளே எழுந்து நின்றார்; அவருக்கு இடது கையில் விரல்கள் இல்லை. அப்புறம் ரெயாலின் மனைவி. அவளுக்குப் பின்னால் அவள் அண்ணன்களில் ஒருவர். நாற்காலிகள் கீச்சிட்டன. இருமிக்கொண்டே ஒரு கிழவர், அவரைத் தாங்கிக்கொண்டு மகள். கவுன்சிலுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. லெகோ எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். வாக்கெடுப்பில் ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. ஆதரவாக உயர்ந்த மூன்றாவது கை அவருடையது. அதைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை.

பள்ளிக்கும் கடைகளுக்கும் நகர அலுவலகத்துக்கும் ஏப்ரல் இருபத்தெட்டு விடுமுறை என்று ஆயிற்று. சுரங்கத்தின்மேல் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. மறுநாளே மேலாளர் வார்ட்ராப் ஃபோர்மன்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கம்பெனிக்கு அது வேலை நாள். வராதவன் வேலையை விட்டுப் போனதாக அர்த்தம்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒரே குடும்பத்தில் மாமன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போனால் யோலாந்துக்குப் பக்கத்து இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ரொட்டிக் கடையில் ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள்: "தம்பி கால் போச்சு, இனி ஊர்ல எல்லாரும் முட்டி போடணும் போல."

மார்ச் நடுவில் ஒரு காலை. மருத்துவமனை வண்டி வாசலில் வந்து நின்றது. ஃபெர்னான் வழக்கம்போலக் கதவைத் திறந்து நாற்காலியைச் சாய்தளத்தில் இறக்கினான். சக்கரம் பலகையைப் பற்றவே இல்லை. நாற்காலி பக்கவாட்டாகத் திரும்பி, அவனையும் சேர்த்துக்கொண்டு உருண்டது. யோலாந்த் ஓடி வந்தபோது அவன் பனியில் குப்புறக் கிடந்தான். நெற்றி பிளந்து ரத்தம் பனியில் பரவிக்கொண்டிருந்தது. பலகை முழுக்கக் கண்ணாடிபோல் உறைபனி. மழையும் இல்லை, உருகலும் இல்லை. சாய்தளத்தின் அடியிலிருந்து தெருவரைக்கும் பூட்ஸ் தடம் போயிற்று. பக்கத்தில் வாளி வைத்து எடுத்த வட்டம். இரவில் யாரோ தண்ணீர் ஊற்றி உறையவிட்டிருக்கிறார்கள்.

யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததுதான் கொடுமை. அதன்பிறகு மணி அடித்து, முப்பது பேரை இறக்கு என்று சொல்லும்போதெல்லாம், அந்த முப்பது பேரில் ஒருத்தன் அந்த வாளிக்காரனாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். அவனையும் குலுங்காமல்தான் இறக்கவேண்டும்.

நெற்றியில் தையல் போட்டு அவனைக் கூட்டி வந்த அன்று மாலை, அவள் கோடாலியால் பலகையிலிருந்து பனியைக் கொத்திக்கொண்டிருந்தாள். ஃபெர்னான் ஜன்னலைத் திறந்தான்.

"அக்கா, விட்டுருவோமா?"

"நீ விடச் சொன்னா விட்டுர்றேன்டா. இது உனக்காகத்தான்."

"எனக்காக மட்டும்னா அப்பவே விட்டுருக்கலாம்" என்றான். பலகையைக் கையால் காட்டினான். "அடுப்புச் சாம்பல் இருக்கா? அதக் கொட்டு, வழுக்காது. நல்லா நெறையக் கொட்டு."

ஏப்ரல் இருபத்தெட்டு திங்கள்கிழமை வந்தது. ஏரிப் பனி கறுத்துக் கிடந்தது. கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ப்ரோகோப் எல்லாவற்றையும் ஆட்களிடம் முன்பே பேசி முடித்திருந்தார். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்காவிட்டால் கீழ்த்தளங்கள் மூழ்கிவிடும். ஆகவே பம்பு பார்க்க இரண்டு பேர் மட்டும் இறங்குவார்கள். கீழே ஆள் இருந்தால் வின்ச்சில் ஆள் இருந்தே ஆகவேண்டும். ஆகவே யோலாந்தும் இருப்பாள். மற்றவர்கள் எல்லோரும் தேவாலய மைதானத்துக்கு.

"இந்த நாளுக்காக இவ்வளவு அலைஞ்சவ, நீயே வர முடியாமப் போச்சு" என்றார் ப்ரோகோப்.

"நான் வந்தா கீழ இருக்கறவன யார் பாக்கறது?"

காலை ஷிஃப்ட்டுக்கு உடை மாற்றும் கூடம் காலியாகக் கிடந்தது. வந்தது தோய்வோலாவும் பெர்தியோமும்தான். தோய்வோலா ஃபின்லாந்துக்காரர், ஐம்பது தாண்டியவர்; பெர்தியோம் அவருக்கு வேலை ஜோடி. வின்ச் அறைக் கதவில் தலையை நீட்டினார் தோய்வோலா.

"இன்னிக்கி ஊருக்கே லீவாம், நமக்கு மட்டும் சகதி. நல்லாத்தான் கொண்டாடறீங்க."

"பேசாமப் போய்யா. பலகையில என்ன எழுதியிருக்கு, பாரு."

மணி மூன்று முறை அடித்தது. இறக்கினாள். காலிக் கூண்டை மேலே ஏற்றிப் பிரேக் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உருளை அசையாமல் நின்றது. அவ்வளவு அமைதியாக அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வார்ட்ராப். அவருக்குப் பின்னால் ஃபோர்மன் கோஸ்லான். கோஸ்லானுக்கு வின்ச் ஓட்டும் உரிமம் உண்டு. அவள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள்.

"மிஸஸ் கிராவெல்," என்றார் வார்ட்ராப். குரலை உயர்த்தவில்லை. "எட்டு சூப்பர்வைசருங்க குழிவாயில நிக்கறாங்க. அவங்கள இறக்குங்க. நிக்கல் கல்லு ஏத்தணும். ரொம்ப இல்ல, கொஞ்சம் ஏத்துனாப் போதும். டொராண்டோ ஆபீசுல கேட்டா, சுரங்கம் நிக்கலன்னு நான் சொல்லணும்."

"இன்னிக்கி கல்லு ஏறாது சார்."

"அத முடிவு பண்றது நீங்க இல்ல."

"ஊர் முடிவு பண்ணியாச்சு."

"ஊரு சம்பளம் குடுக்கறதில்ல." அவர் கண்ணோரம் கறுத்திருந்தது, இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. "நான் சண்டைக்கு வரல. உங்களுக்கு விருப்பமில்லன்னா எந்திரிங்க. கோஸ்லான் உக்காருவார். நாளைக்கி நீங்க வழக்கம்போல வரலாம்."

"எந்திரிக்க மாட்டேன். கீழ ரெண்டு பேர் இருக்காங்க. அவங்கள இறக்குனது நான். ஏத்தறதும் நான்தான்."

"அப்ப நாளைக்கி வர வேணாம்."

யோலாந்த் முகப்புத் தட்டையே பார்த்தாள். வீடு, தம்பியின் மருந்து, அவனுக்கு அவளைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது, எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து முட்டின. கையை எடுத்து லிவரின்மேல் வைத்துக்கொண்டாள்.

"கோஸ்லான்," என்றாள். "நீ உக்காரப் போறியா?"

கோஸ்லான் தன் பூட்ஸையே பார்த்தார். "என்னய ஏன் கேக்குற யோலாந்த்? எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

"அது தெரியும். உக்காரப் போறியான்னுதான் கேட்டேன்."

வார்ட்ராப் கையசைத்தார். கோஸ்லான் இரண்டடி முன்னால் வந்து, அவள் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

அப்போது மணி அடித்தது.

ஒன்று அடித்ததும் மூவரும் தட்டைப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. அடித்துக்கொண்டே போயிற்று. ஒன்பது. கோஸ்லானின் கை நாற்காலியிலிருந்து தானாக விலகியது. வார்ட்ராப் சுவரிலிருந்த ஆபத்துச் சங்கை இழுத்துவிட்டு, அலறலுக்கு நடுவே சுரங்கத் தொலைபேசியை எடுத்தார். பெர்தியோமின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பம்புக்கு மேல கல்லு சரிஞ்சிருச்சு! தோய்வோலா உள்ள மாட்டிக்கிட்டாரு. உசிரு இருக்கு. என் ஒருத்தனால தூக்க முடியல, ஆள அனுப்புங்க, சீக்கிரம் அனுப்புங்க!"

வார்ட்ராப் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. யோலாந்த் அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"வெளிய நிக்கற எட்டுப் பேரயும் ஏறச் சொல்லுங்க. இறக்கறேன்."

கோஸ்லான் ஓடினார். கூண்டுக்கு ஆள் ஏறிய மணி. அவள் லிவரைத் தள்ளினாள். உருளை சுழன்றது. முள் கீழே, இன்னும் கீழே. தளம் வந்ததும் பிரேக்.

அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருப்புதான். வின்ச் ஓட்டுகிறவளுக்கு அதைவிடப் பெரிய வேதனை கிடையாது. கீழே என்ன நடக்கிறது, எந்தக் கல்லைப் புரட்டுகிறார்கள், கத்துகிறானா, கத்துவதை நிறுத்திவிட்டானா, எதுவும் தெரியாது. சங்கு வெளியே ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அது தேவாலய மைதானத்துக்குக் கேட்கும், ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மணி. அடிபட்டவன் வருகிறான், மெதுவாக.

அதே மணி. மூன்று வருஷத்துக்கு முன் அவள் தெரியாமல் தம்பியை ஏற்றிய அதே மணி. லிவரைத் தொடப்போன கை ஒரு கணம் நின்றது. பிறகு தொட்டாள். வடம் இறுகியது. முள் நகர்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஏற்றினாள்.

பாதி வழியில் ஒற்றை மணி. நிறுத்தினாள்.

குளிர்காலம் முழுக்கக் குழிச் சுவரில் படிந்த பனி, ஏப்ரலில்தான் இளகி விழும். அதாகத்தான் இருக்கும். கூண்டுக் கூரையில் விழுந்ததா, வழியில் சிக்கியிருக்கிறதா? இப்போது இழுத்தால் கூண்டு மாட்டிக்கொள்ளும். இழுக்காமல் விட்டால் மேலே இன்னும் தொங்குவது அவர்கள் தலையில் விழும். வார்ட்ராப் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் மணியையே கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே கூண்டில் யாரோ இரும்புக் கம்பியால் பனியைக் குத்தித் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். வடம் லேசாகத் துடித்தது. மறுபடி துடித்தது.

மணி. மெதுவாக ஏற்று.

முள் மேலே ஏறி, குழிவாய்க் கோட்டைத் தொட்டது. பிரேக்கைப் போட்டு, பூட்டுக் கம்பியையும் செருகிவிட்டுத்தான் அவள் மூச்சு விட்டாள். வெளியே சத்தம், ஓட்டம், வண்டிக் கதவு அடைபடும் ஓசை. கதவைத் தள்ளிக்கொண்டு ப்ரோகோப் வந்தார். மைதானத்திலிருந்து ஓடிவந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"உசிரோட இருக்கான்" என்றார். "தோள் போச்சு. வெலா எலும்பும் போயிருக்கும். ஆனா வாய் போகல. கூண்டுலயே எல்லாரயும் திட்டிக்கிட்டுதான் வந்தானாம்."

யோலாந்த் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. வார்ட்ராப் வெளியே போனார். குழிவாயில் அந்த எட்டு சூப்பர்வைசர்களும் சகதியும் ரத்தமுமாக நின்றார்கள். மறுபடி இறங்கச் சொல்லுவார் என்று ப்ரோகோப் முஷ்டியை மடக்கிக்கொண்டு பார்த்திருந்தார். அவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். வார்ட்ராப் அவர்களைத் தடுக்கவில்லை. அன்று கல் ஏறவில்லை.

சங்கைக் கேட்டு ஊரே சுரங்க வாசலுக்கு வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள், அங்கியோடு பாதிரியார். ஃபெர்னானை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். திரும்பி மைதானத்துக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதற்கு, "எதுக்கு? இங்கதான நடந்துச்சு எல்லாம்" என்றாள் ரெயாலின் மனைவி. அங்கேயே, கம்பி வேலிக்கு முன்னால், பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். கீழே அப்போது யாரும் இல்லை. அதனால் யோலாந்த் வின்ச் அறைப் படியில் வந்து நின்றாள்.

பெயர்கள் முடிந்ததும் எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அந்த மௌனத்தில் ஃபெர்னான் குரல் கொடுத்தான். இந்தத் தடவை கேலி இல்லை.

"ஃபெர்னான் லாவால்லே. இடுப்புக்குக் கீழ."

பாதிரியார் திகைத்தார். விரல் இல்லாத அந்த மனிதர் தன் பெயரைச் சொன்னார். இடது கை என்றார். இருமல் கிழவர் சொல்ல முயன்று முடியாமல், அவர் மகள் சொன்னாள்: நுரையீரல். அங்கொருவர் இங்கொருவராகக் குரல் வந்தது. கண், முதுகு, காது. ஒரு குரல் பெயரை மட்டும் சொல்லி, எது போயிற்று என்பதைச் சொல்லவில்லை. யோலாந்த் இத்தனை வருஷமாக மணிச் சத்தத்தில் ஏற்றி இறக்கியவர்களை அன்றுதான் முகத்தோடு பார்த்தாள். மாற்று பம்பு ஆட்கள் இரண்டு பேர் கூண்டை நோக்கிப் போவது தெரிந்ததும், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலைக்கு வராத மற்றவர்களை ஒன்றும் செய்யவில்லை; மறுநாள் அவளை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மேலாளரின் உத்தரவை மறுத்தது குற்றம் என்றார்கள். சங்கம் வழக்குப் போட்டது. அந்தக் கோடை முழுவதும் அவள் வீட்டில் இருந்தாள். ரொட்டிக் கடையில் அன்று குத்திப் பேசியவள் ஒரு நாள் தெருவில் வழிமறித்து, ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். விசாரணையில் கோஸ்லானைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "அந்தச் சீட்டுல அன்னிக்கி நான் உக்காந்திருந்தா, கூண்டு வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னது போதுமாக இருந்தது. செப்டம்பரில் வேலை திரும்பக் கிடைத்தது. வார்ட்ராப் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் அவளிடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் புதிய மேலாளர் ஒரு மணி நேரம் சுரங்கத்தை நிறுத்தச் சம்மதித்தார். அதற்கடுத்த வருஷம் முழு ஷிஃப்ட்டு. சில ஆண்டுகளில் ஒட்டாவாவில் நாடாளுமன்றமே அந்த நாளைச் சட்டமாக்கியது. கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கும் நாள் என்று ஆயிற்றே தவிர, எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுமுறை என்று ஆகவில்லை. ப்ரோகோப் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார்.

சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிறது. இயந்திரங்களைக் கழற்ற இறங்கிய கடைசி ஆட்களை ஏற்றியதும் யோலாந்த்தான். ஊரில் இப்போது பெரிய வேலை இடம் என்றால் முதியோர் இல்லம் ஒன்றுதான். இருந்தாலும் ஏப்ரல் கடைசியில் பழைய வேலிக்கு முன்னால் கூடுகிறார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் சொல்கிறார். அடிபட்டவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்கிறார்கள். பிரசங்கம் நீண்டால் ஃபெர்னான் இருமிக் காட்டுகிறான்.

சென்ற வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், கூட்டத்தின் ஓரத்தில் இடுப்புப் பட்டையோடு நின்றாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது. எல்லோரும் சொல்லி முடித்ததும் யோலாந்தின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்னோடது சுரங்கம் இல்லயே ஆன்ட்டி. நான் சொல்லலாமா?"

யோலாந்த் பதில் சொல்வதற்குள் ஃபெர்னான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அவளுக்கு வழி விட்டான்.

"வாம்மா, முன்னால வா" என்றான். "பேரச் சத்தமாச் சொல்லு. இங்க பாதிப் பேருக்குக் காது கேக்காது."